ஒயரிங் ஆய்வகக் கையேட்டை இணையத்தில் கூடிப் புதுப்பித்த அனுபவம்

பாலிடெக்னிக் கல்லூரிகளின் மின்னியல் துறையில் புழங்கும் ஒயரிங் ஆய்வகக் கையேடுகளைப் புரட்டினால், "இந்திய மின்சார விதிகள் 1956, விதி 61-இன்படி எர்த் கொடுக்கப்பட வேண்டும்" என்ற வரியை இன்றும் காணலாம். மத்திய மின்சார ஆணையம் 2010-இல் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டபோதே அந்த விதித்தொகுப்பு நடைமுறையிலிருந்து விலகிவிட்டது. விதி 61 சொன்ன செய்தி 2010 தொகுப்பில் 41-ஆம் ஒழுங்குமுறையாக இடம்பெற்றது; அந்தத் தொகுப்பும் 2023-இல் வந்த புதிய தொகுப்புக்கு வழிவிட்டுவிட்டது. ஆகவே மாணவர் மனப்பாடம் செய்து வைவாவில் ஒப்பிக்கும் விதி எண், சட்டம் இரண்டு முறை மாறியதற்கு முந்தையது. இது அந்த மாணவரின் குறையன்று, கற்பிக்கும் ஆசிரியரின் குறையென்றும் சொல்ல முடியாது. சட்டம் மாறிய செய்தி கையேட்டின் அந்த வரியை வந்தடைய வழியே இல்லாமல் இருந்தது. அந்த வழியை அமைப்பதற்காக, எங்கள் கல்லூரியும் அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் சிலவற்றின் மின்னியல் ஆசிரியர்களும் சேர்ந்து செய்த வேலையை, பிற துறையினருக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே விரிவாகப் பதிகிறேன்.

முதலில் கையேடு எவ்வாறு பழையதாகிறது என்பதைப் பார்த்தோம். சட்டமும் தரநிலையும் மாறுவதால் பழையதாகும் பகுதிகள் உண்டு: ஒயரிங் நடைமுறைக்கான ஐ.எஸ். 732 தரநிலை 2019-இலும், எர்த்திங்குக்கான ஐ.எஸ். 3043 தரநிலை 2018-இலும் திருத்தி வெளியிடப்பட்டன, கையேட்டிலோ ஆண்டே குறிப்பிடாமல் "ஐ.எஸ். 3043-இன்படி" என்று மட்டும் இருந்தது. கடைத்தெரு மாறுவதால் பழையதாகும் பகுதிகள் இவற்றைவிட அதிகம். தேவையான பொருள்கள் பட்டியலில் 1/18, 3/20, 7/20 என்று ஒயர் அளவுகள் இருந்தன. மின்சாமான் கடையில் இன்று அப்படிக் கேட்டால், பழைய ஒயர்மேன் ஒருவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தாலொழிய யாருக்கும் விளங்காது. "ஒன்றரை ஸ்கொயர்", "இரண்டரை ஸ்கொயர்" என்று சதுர மில்லிமீட்டரில் சொல்வதே இன்றைய வழக்கு. குழல்விளக்குக்குச் சோக்கும் ஸ்டார்ட்டரும் இணைக்கும் பயிற்சிக்கு நான்கு பக்கம் இருந்தது, எல்.இ.டி. விளக்கை இயக்கும் மின்சுற்றான டிரைவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திரக் குறியீடு 2023 ஜனவரியில் கட்டாயமாக்கப்பட்ட பிறகு மின்னணுக் கட்டுப்பாட்டு மோட்டாரால் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன்கள் வீடுகளில் பெருகிவிட்டன. கையேடு இன்னும் மின்தடை வகை ரெகுலேட்டரையே வரைந்து காட்டிக்கொண்டிருந்தது.

எக்காலத்திலும் சரியாக இல்லாதவையும் கையேட்டில் இருந்தன. ஒருவர் தட்டச்சு செய்ததை மற்றொருவர் பென்டிரைவில் வாங்கி, முகப்பில் கல்லூரிப் பெயரை மட்டும் மாற்றி அச்சிட்டு, அதிலிருந்து வேறொருவர் படியெடுத்து என்று ஆண்டுக்கணக்காக ஓடிய ஓட்டத்தில் பிழைகளும் உடன் பயணித்திருக்கின்றன. ஒரு கல்லூரியில் கண்டுபிடித்துப் பேனாவால் திருத்திய பிழை, அடுத்த கல்லூரியின் கோப்பில் அப்படியே இருக்கும். திருத்தம் நடக்கத்தான் செய்கிறது, அது பரவுவதில்லை என்பதைக் கண்டுகொண்ட பிறகே, இணையத்தில் ஒரே மூலத்தை வைத்துக்கொண்டு எல்லோரும் அதில் வேலை செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தோம்.

கூகுள் டாக்ஸில் ஒரு பகிர்வு ஆவணமாக வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையே முதலில் எழுந்தது. எல்லோருக்கும் பழகிய கருவி, கைப்பேசியிலும் திறக்கும், பயிற்சி எதுவும் வேண்டாம். ஆனால் பாலிடெக்னிக் பாடத்திட்டத்துக்கென்று ஒரு தனித் தேவை உண்டு. 2015-இன் எம் திட்டம், 2020-இன் என் திட்டம், 2023-இன் ஒழுங்குமுறை என்று பாடத்திட்டம் மாறிக்கொண்டே வர, அரியர் வைத்திருக்கும் மாணவர்கள் பழைய திட்டத்தின் செய்முறைத் தேர்வையே எழுதுகிறார்கள். எனவே மூன்று வடிவங்கள் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும். ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தால் அது மூன்றிலும் ஏற வேண்டும். ஒரு பயிற்சி புதிய திட்டத்திலிருந்து நீக்கப்பட்டால் பழையதில் மட்டும் நீடிக்க வேண்டும். பகிர்வு ஆவணத்தில் இதைச் செய்யப்போனால் மூன்று தனி ஆவணங்கள்தாம் உருவாகும், பழைய பென்டிரைவ் கதையே திரும்பவும் தொடங்கும். மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு முறையில் இந்தக் கிளைபிரிப்பு இயல்பாகவே இருக்கிறது. ஒரு திட்டத்துக்கு ஒரு கிளை வைத்து, ஒரு கிளையில் செய்த திருத்தத்தை மட்டும் எடுத்து மற்றக் கிளைகளிலும் பொருத்திக்கொள்ளலாம். கையேட்டை மார்க்டவுன் என்ற எளிய உரைவடிவில் எழுதி, கிட் முறையில் கோப்புகளை இணையத்தில் வைக்க உதவும் கிட்லாப் தளத்தில் வைத்து, பாண்டாக் மென்பொருளால் பிடிஎஃப் ஆக்குவது என்று தீர்மானித்தோம்.

அதற்கு முன் பழைய கோப்புகளை யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. இந்த வேலையைச் சிறியது என்று எண்ணி யாரும் இறங்க வேண்டாம். தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும், எங்களிடம் சேர்ந்த கோப்புகளில் பெரும்பகுதி பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துரு முறைகளிலேயே இருந்தது. மாற்றிக் கருவிகள் தமிழைச் சரியாகவே மாற்றுகின்றன. ஆனால் தட்டச்சு செய்தவர் ஆங்கிலச் சொல்லுக்கும் எழுத்துருவை மாற்றாமல் விட்டிருந்தாலோ, கோப்பை வெறும் உரையாக எடுத்து மாற்றினாலோ, ஆங்கிலச் சுருக்கங்களும் தமிழ் என்று கொள்ளப்பட்டுவிடும். பளு மிஞ்சினால் தானே துண்டித்துக்கொள்ளும் ஸ்விட்சான எம்.சி.பி. என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகள் பாமினிக் கணக்கில் "ஆஊடீ" ஆகிவிடுகின்றன. எங்கள் முதல் மாற்றத்தில் பொருள்கள் பட்டியல் முழுவதும் ஆஊடீக்கள் நிரம்பிக் கிடந்தன. மின்னியலில் வரும் சுருக்கங்கள் வரம்புக்குட்பட்டவை என்பதால், ஒவ்வொன்றும் எப்படிச் சிதையும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுப் பட்டியலிட்டு, தேடி மாற்றும் சிறு நிரல் ஒன்றை எழுதியதும் இது தீர்ந்தது.

இன்னொரு சிக்கல் கண்ணுக்கே தெரியாதது. யூனிகோடில் "சோ" என்ற எழுத்தின் ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சில மாற்றிகள் இரண்டாம் வகையில் தருகின்றன, விசைப்பலகையில் நேரடியாகத் தட்டுவது முதல் வகையில் சேர்கிறது. விளைவு, "சோதனை" என்று தேடினால் கோப்பில் உள்ளவற்றில் ஒரு பகுதி மட்டும் அகப்படும். ஒரு பேராசிரியர் எந்த மாற்றமும் செய்யாத பத்தி முழுவதும் மாறியதாகக் கிட் காட்டும். எல்லாக் கோப்புகளையும் யூனிகோடின் கூட்டு வடிவத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து, இனி வரும் ஒவ்வொரு திருத்தமும் தானாகவே அந்த வடிவத்துக்கு மாறும்படி கிட்லாப்பில் ஒரு கட்டளையைச் சேர்த்தோம். தமிழில் கூட்டாக எழுத முனைவோர் இதை முதல் நாளே செய்துவிடுவது நல்லது.

பிடிஎஃப் ஆக்கும் இடத்தில் வந்த குறைபாடு, கவனிக்காமல் விட்டிருந்தால் ஆபத்தாகவே முடிந்திருக்கும். பாண்டாக் வழக்கமாகப் பயன்படுத்தும் அச்சு இயந்திரத்தால் (பக்கங்களைக் கோத்து அமைக்கும் மென்பொருளால்) தமிழைக் கோக்க முடியாது என்பதால் ஸீலாடெக் என்ற மற்றோர் இயந்திரத்துக்கு மாறினோம். அதில் நாம் தேர்ந்தெடுத்த தமிழ் எழுத்துருவில் ஒரு குறி இல்லையென்றால், அது நின்று பிழை சொல்வதில்லை. அந்தக் குறியை விட்டுவிட்டு மேலே போய்விடுகிறது. மெக்கர் சோதனைப் பக்கத்தில் மின்காப்புத் தடையின் மதிப்புகளுக்குப் பின்னே இருக்க வேண்டிய ஓம் குறி காணாமற்போய், வெறும் எண்ணும் மெகாவைக் குறிக்கும் எழுத்தும் மட்டும் நின்றன. சதுர மில்லிமீட்டரைக் குறிக்க மேலே சிறிதாக வரும் "2" என்ற குறியும் சில இடங்களில் அச்சேறவில்லை. அந்த இயந்திரம் விடுபட்ட குறிகளைத் தன் பதிவுக் கோப்பில் மட்டும் எச்சரிக்கையாக எழுதி வைக்கிறது. அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அந்த எச்சரிக்கை ஒன்று இருந்தாலும் பிடிஎஃப் வெளியாகாதவாறு தடுத்துவிட்டு, குறிகளுக்கென்று இரண்டாவது எழுத்துரு ஒன்றையும் இணைத்தோம். அலகு இல்லாத எண்ணை மாணவர் கையில் கொடுப்பதைக் காட்டிலும் கையேடே கொடுக்காமல் இருப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து.

படங்களுக்கு வேறு வழி வேண்டியிருந்தது. நகலின் நகலாக வந்த சுற்றுப்படங்களில் ஸ்விட்சின் முனை எது, கம்பிகள் குறுக்கிடும் புள்ளி எது என்று பிரித்தறிய முடியாது. எல்லாவற்றையும் சர்வதேசத் தரநிலையான ஐ.இ.சி. 60617 குறியீடுகளின்படி இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளில் புதிதாக வரைந்து எஸ்.வி.ஜி. கோப்புகளாக வைத்தோம். அவை உள்ளுக்குள் உரைக் கோப்புகளே என்பதால் படத்தில் உள்ள பெயர்களைத் தேடலாம், யார் எப்போது எதை மாற்றினார் என்பதும் கிட்டில் தெரியும். இந்த வேலையில் இறுதியாண்டு மாணவர்கள் பெரும்பங்கு எடுத்துக்கொண்டார்கள். ஒரு படத்தை வரைந்தவர் அந்தச் சுற்றை மறப்பதில்லை என்பதை அவர்களுடைய செய்முறைத் தேர்விலேயே பார்த்தோம்.

இனி இந்த முயற்சியின் மையமான பகுதிக்கு வருகிறேன். விதி எண்கள், தரநிலை ஆண்டுகள், ஒயர் அளவுகள், மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யின் கசிவு மின்னோட்ட அளவு போன்ற மாறக்கூடிய செய்திகள் எவற்றையும் பாடத்தின் வரிகளுக்குள் நேரடியாக எழுதுவதில்லை என்று வகுத்துக்கொண்டோம். அவை அனைத்தும் தனியே ஒரு தரவுக் கோப்பில் இருக்கின்றன. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு குறிப்பெயர், அதன் மதிப்பு, எந்த ஆவணத்தின் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது, கடைசியாக யார் எப்போது சரிபார்த்தார், அடுத்து எப்போது சரிபார்க்க வேண்டும் ஆகியவை அங்கே உள்ளன. பாடத்தில் குறிப்பெயர் மட்டும் இருக்கும். பிடிஎஃப் உருவாகும்போது மதிப்பு அந்த இடத்தில் வந்து அமரும். மத்திய மின்சார ஆணையத்தின் ஒழுங்குமுறை நாளை மறுபடியும் மாறினால் தரவுக் கோப்பில் ஓரிடத்தில் திருத்தினால் போதும், மூன்று திட்டங்களின் கையேடுகளிலும் எல்லாப் பக்கங்களிலும் அது மாறிவிடும். சரிபார்க்க வேண்டிய நாள் வந்ததும் பொறுப்பானவர் பெயரில் கிட்லாப்பில் ஒரு வேலைக்குறிப்பு தானாகத் திறக்கிறது. ஒவ்வொரு பயிற்சியின் அடியிலும், அதில் உள்ள செய்திகளிலேயே மிகப் பழைய சரிபார்ப்பு நாள் அச்சாகிறது. தாம் படிக்கும் பக்கம் எவ்வளவு புதியது என்று தெரிந்துகொள்ளும் உரிமை மாணவருக்கு உண்டு.

ஒயர் அளவுகளை அந்தக் கோப்புக்குக் கொண்டுவந்தபோது நடந்த விவாதம் குறிப்பிடத்தக்கது. 3/20 என்பது பழைய கம்பி அளவு முறையில் இருபதாம் எண் கம்பி மூன்று இழைகள் முறுக்கியது. இருபதாம் எண்ணின் விட்டம் 0.914 மி.மீ. என்பதால் ஓர் இழையின் குறுக்குவெட்டுப் பரப்பு 0.656 சதுர மி.மீ.; மூன்றும் சேர்ந்தால் சுமார் 1.97. இன்றைய வரிசையில் இதற்குக் கீழே 1.5, மேலே 2.5. ஒரு கல்லூரியில் 1.5 என்றும் இன்னொன்றில் 2.5 என்றும் மாற்றி வைத்திருந்தார்கள். இரு தரப்புக்கும் காரணம் இருந்தது. பழைய அளவுக்கு நிகரான புதிய அளவைத் தேடுவதே தவறான கேள்வி, அந்தச் சுற்று எதற்கு என்று பார்த்துத்தான் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வாதம் முடிந்தது: விளக்குச் சுற்றுக்கு 1.5, பவர் பிளக் சுற்றுக்கு 2.5 அல்லது பளுவைப் பொறுத்து 4. பழைய வீடுகளைப் பழுதுபார்க்கப் போகும் மாணவர் 3/20-ஐயும் 7/20-ஐயும் நேரில் சந்திப்பார் என்பதால், அந்த எண்களின் பரப்பளவு அட்டவணையைப் பின்னிணைப்பில் விட்டுவைத்தோம். இப்படியொரு விவாதம் ஊழியர் அறையில் நடந்திருந்தால் காற்றோடு போயிருக்கும். இங்கே அந்த வரியின் வரலாற்றோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அடுத்து வரும் ஆசிரியர் ஏன் 1.5 என்று கேட்டால் விடை அங்கேயே இருக்கிறது.

கருவிகள் எவ்வளவு நன்றாக அமைந்தாலும், பிழையைக் கண்ணால் காண்பவர் பெரும்பாலும் கணினி முன் இருப்பவர் அல்லர். மாணவர்களோடு ஒயரிங் பயிற்சிப் போர்டு முன்னால் நிற்கும் பணிமனை உதவியாளரே அதைக் காண்கிறார். அவரைக் கிட் கற்றுக்கொள்ளச் சொல்வது பயன் தராது. சொல்வது நியாயமும் இல்லை. ஆகவே அச்சிட்ட ஒவ்வொரு பயிற்சியின் மேல்மூலையிலும் கியூ.ஆர். குறி ஒன்றை வைத்தோம். கைப்பேசியால் அதைப் படம்பிடித்தால், பயிற்சியின் எண் ஏற்கெனவே நிரப்பப்பட்ட மின்னஞ்சல் ஒன்று திறக்கும். பிழையைத் தமிழில் இரண்டு வரி எழுதி, படம் இருந்தால் இணைத்து அனுப்பினால் போதும். கிட்லாப்பின் சர்வீஸ் டெஸ்க் வசதி அந்த மின்னஞ்சலை வேலைக்குறிப்பாக மாற்றிவிடுகிறது. திருத்தம் ஏறியதும் அனுப்பியவருக்குப் பதில் போகிறது. அவர் விரும்பினால் பங்களித்தோர் பக்கத்தில் அவர் பெயரும் ஏறுகிறது.

இவ்வழியாக வந்த ஒரு திருத்தத்தைச் சற்று நெருக்கமாகச் சொல்ல வேண்டும். மாடிப்படி விளக்குப் பயிற்சியில் இரண்டு சுற்றுப்படங்கள் இருந்தன. முதலாவதில் ஃபேஸ் கம்பி கீழ் ஸ்விட்சின் பொதுமுனைக்கு வந்து, இரு ஸ்விட்சுகளுக்கும் இடையே இரண்டு கம்பிகள் ஓடி, மேல் ஸ்விட்சின் பொதுமுனையிலிருந்து விளக்குக்குச் சென்று, விளக்கின் மறுமுனை நியூட்ரலில் சேர்கிறது, இதுவே முறையானது. இரண்டாவது படத்துக்கு "மாற்று முறை, கம்பிச் சிக்கனம்" என்று தலைப்பு. அதில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டுமே ஒவ்வொரு ஸ்விட்சின் இரு பக்க முனைகளுக்கும் வருகின்றன; இரு பொதுமுனைகளும் விளக்கின் இரு முனைகளுக்குப் போகின்றன. ஒரு ஸ்விட்ச் ஃபேஸிலும் மற்றது நியூட்ரலிலும் இருந்தால் விளக்கு எரியும். இரண்டும் நியூட்ரலில் இருந்தால் அணையும். இரண்டும் ஃபேஸில் இருந்தாலும் அணையும்.

ஒரு பணிமனை உதவியாளர் அதைப் போர்டில் கட்டி, விளக்கு அணைந்த நிலையில் ஹோல்டரின் இரு பின்களிலும் டெஸ்டரை வைத்தபோது இரண்டிலும் நியான் எரிந்திருக்கிறது. அதைப் படமெடுத்து, "விளக்கு ஆஃப், ரெண்டு பின்னிலும் சப்ளை. பல்ப் மாற்றுகிறவன் கதி என்ன?" என்று எழுதி அனுப்பினார். ஸ்விட்ச் அணைந்திருப்பதால் சப்ளை இல்லை என்று நம்பி ஏணியில் ஏறுபவருக்கு, எர்த்தைப் பொறுத்து 230 வோல்ட் அங்கே காத்திருக்கிறது. ஒரே சிறிய ஸ்விட்சின் அடுத்தடுத்த இரு முனைகளுக்கிடையே ஃபேஸும் நியூட்ரலும் நேரடியாக நிற்பதால், உள்ளே பொறி பாய்ந்தாலும் ஷார்ட்தான். இந்தப் படம் எத்தனை ஆண்டுகளாக எத்தனை மாணவர்களின் ரெக்கார்டு நோட்டில் வரையப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே மனம் நடுங்கியது.

இருந்தும் அதை உடனே நீக்கிவிட முடியவில்லை. பாடநூல்களில் இருக்கிறது, தேர்வில் கேட்டாலும் கேட்பார்கள் என்று மற்றொரு கல்லூரி ஆசிரியர் வாதிட்டார். அது மதிக்க வேண்டிய வாதமே. முடிவில் அந்தப் படம் "செய்யக்கூடாத இணைப்பு" என்ற தலைப்பின்கீழ், நான்கு ஸ்விட்ச் நிலைகளிலும் விளக்கின் இரு முனைகளின் மின்னழுத்தம் எவ்வளவு என்ற அட்டவணையோடு இடம்பெற்றது. அட்டவணையின் கடைசி இரு நெடுவரிசைகளை மாணவரே நிரப்ப வேண்டும். இதையொட்டியே எங்கள் சரிபார்ப்பு விதியும் பிறந்தது: இணைப்பை மாற்றும் எந்தத் திருத்தமும், அதை முன்மொழிந்தவரல்லாத வேறொருவர் போர்டில் கட்டிப் பார்த்து, படம் இணைத்து ஒப்புதல் தந்த பிறகே கையேட்டில் ஏறும். எழுத்துப்பிழைத் திருத்தங்களுக்கு ஒருவர் பார்த்தால் போதும்.

உரிமை குறித்தும் தெளிவு வேண்டியிருந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரநிலைகள் இணையத்தில் படிக்கக் கிடைத்தாலும், அவற்றின் அட்டவணைகளை அப்படியே எடுத்துக் கையேட்டில் அச்சிட்டுப் பரப்ப நமக்கு உரிமை இல்லை. தரநிலையின் எண்ணையும் ஆண்டையும் பிரிவையும் சுட்டி, பயிற்சிக்கு வேண்டிய ஓரிரு மதிப்புகளை மட்டும் நம் சொற்களில் தருகிறோம். பாடநூல்களிலிருந்து நகலெடுத்த படங்களையும் பத்திகளையும் நீக்கிவிட்டோம். மீதியுள்ள நம் சொந்த உரைக்கும் படங்களுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர்குறிப்பு-ஒத்த பகிர்வு 4.0 உரிமம் இட்டோம். இதனால் எந்தக் கல்லூரியும் எடுத்து, தன் ஆய்வகத்துக்கேற்ப மாற்றி, அச்சிட்டுக்கொள்ளலாம். மூலத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டும், மாற்றியதைப் பகிர்ந்தால் அதையும் அதே உரிமத்தில் தர வேண்டும், அவ்வளவே.

பருவத் தொடக்கத்தில் கையேட்டை ஒரு பதிப்பு எண்ணிட்டு உறையவைத்து அச்சுக்கு அனுப்புகிறோம். அந்தப் பருவம் முடியும்வரை மாணவர் கையில் உள்ள தாள் மாறாது. தேர்வாளரும் மாணவரும் ஒரே பதிப்பை வைத்துக்கொண்டு பேச இது தேவை. பாதுகாப்பு தொடர்பான திருத்தம் மட்டும் விதிவிலக்கு: அது ஒரு பக்கத் துண்டறிக்கையாக உடனே அச்சாகி, ஆய்வகச் சுவரில் ஒட்டப்பட்டு, மாணவரின் அப்சர்வேஷன் நோட்டிலும் சேர்க்கப்படுகிறது.

கிட்டின் கட்டளைகளை ஆசிரியர்களிடம் வற்புறுத்துவதையும் விட்டுவிட்டோம். பெரும்பாலோர் கிட்லாப் தளத்திலேயே பக்கத்தைத் திறந்து, திருத்தி, சேமிக்கிறார்கள். கிளைகளுக்கிடையே திருத்தங்களை நகர்த்தும் வேலையை எங்களில் இருவர் மட்டும் பார்த்துக்கொள்கிறோம். இந்த இருவர் பணிமாற்றத்தில் போய்விட்டால் என்னாகும் என்ற கேள்வி நியாயமானது. அதற்காகவே அந்த வேலையின் ஒவ்வொரு படியையும் திரைப்பிடிப்புகளோடு எழுதி அதே கிட்லாப் களஞ்சியத்தில் வைத்திருக்கிறோம், மூன்றாமவர் ஒருவரும் இப்போது பழகி வருகிறார்.

செய்ய வேண்டியவை இன்னும் இருக்கின்றன. மூன்று ஃபேஸ் மோட்டாருக்கான ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் பகுதி இன்னும் பழைய படங்களோடு இருக்கிறது. அதில் மின்காந்தத்தால் இயங்கும் ஸ்விட்சான கான்டாக்டரின் முனை எண்கள் ஒவ்வொரு கல்லூரியில் உள்ள தயாரிப்புக்கும் வேறுபடுவதால், பொதுப் படம் ஒன்றும் கல்லூரிவாரியான இணைப்பு அட்டவணையுமாகப் பிரிக்கும் வேலை நடக்கிறது. கூரைச் சூரிய மின்தகடுகளை வீட்டு ஒயரிங்குடன் இணைக்கும் பயிற்சிக்கான முதல் வரைவை ஒரு கல்லூரியின் இளம் விரிவுரையாளர் ஏற்றியிருக்கிறார். அதில் டி.சி. (நேர்மின்னோட்ட) பக்கத்துப் பிரிப்பானையும் எர்த்திங்கையும் போர்டில் கட்டிப் பார்த்து ஒப்புதல் தர வேறொரு கல்லூரியில் ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம். அது கிடைக்கும்வரை அந்த வரைவு கையேட்டுக்குள் வராது.